மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டாத சபை: காவிரிக் கடைமடைத் திருச்சபைகளின் குருமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறையார்

காவிரிப் பாசனப் பகுதியில் ஊழியம் செய்யும் லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளின் ஐயர்மார், ஆயர்கள், பங்குத்தந்தையர், போதகர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். ஓர் உபதேசியாரின் மூத்த மகள். வெள்ளிக்கிழமை வகுப்பில் மனித மூளையின் நெடுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று கோடு இழுத்துப் பெயர் குறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அதே பிள்ளைகளில் சிலருக்கு ஆத்துமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்தப் படத்தில் ஆத்துமாவுக்கு மட்டும் கோடு போட்டுப் பெயர் எழுதவில்லையே" என்று கேட்டாள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்து அவளை உட்காரவைத்துவிட்டேன். உங்களுக்கு எழுதும் இந்த மடல், அந்தப் பெண்ணுக்கு நான் தராமல் போன பதிலும் ஆகும்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையில் வரும் நோயை விசுவாசக் குறைவு என்றோ, பிசாசின் பிடி என்றோ, பாவத்தின் கூலி என்றோ நம் பிரசங்க பீடங்களிலிருந்தும் ஜெபக் கூட்டங்களிலிருந்தும் சொல்வது நிற்க வேண்டும். அறிவியல் அப்படிச் சொல்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசமே அதற்கு இடங்கொடுப்பதில்லை என்பதற்காக.

என் தம்பிக்குப் பதினான்காம் வயதில் வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், தவறாமல் சாப்பிட்டான், இரண்டு ஆண்டுகள் ஒருமுறைகூட இழுப்பு வரவில்லை. அந்த நிலையில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியர் ஒருவர், ஓர் உபவாசக் கூட்டத்தில் அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்து, "நீ சுகமாகிவிட்டாய்; இனி மாத்திரை போட்டால் அது அவிசுவாசம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அம்மா அன்றிரவே மாத்திரைகளை அடுப்பில் போட்டார். ஒன்பதாம் நாள் காலை, சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம், வாய்க்கால் படித்துறையில் முகம் கழுவக் குனிந்தவன் அப்படியே தண்ணீருக்குள் சரிந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் முகம் கீழே இருந்தது. நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்த பெண்கள் கட்டுகளை எறிந்துவிட்டு இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த சேற்றைத் தன் விரலால் வழித்தெடுத்து, அவன் இருமும் வரை முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்களில் ஒருவரும் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். படித்துறைக் கல் கிழித்த தழும்பு தம்பியின் இடது புருவத்தில் இன்றும் இருக்கிறது.

வலிப்பு என்பது மூளை நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின்துடிப்பை வெளியிடுவதால் வருவது. தினமும் மாத்திரையால் அடங்கிப் பழகிய மூளையில் மாத்திரை திடீரென்று நின்றால், பழைய வலிப்பைவிடக் கடுமையானது, சில வேளை ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல், வரக்கூடும், உயிரும் போகக்கூடும். உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள் என்றும், சரியாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. என் தம்பி அந்தப் பெரும்பகுதியில் ஒருவன். மறுபடியும் மாத்திரை தொடங்கினான்; நோய் அடங்கியது. அடங்காதது வெட்கம். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவன் தன் மாத்திரைப் பட்டையைக் கீர்த்தனைப் புத்தகத்தின் துணி உறைக்குள் ஒளித்துவைத்திருந்தான். சபையார் வீட்டுக்கு ஜெபிக்க வரும்போது கண்ணில் படக்கூடாது என்று.

அந்த ஊழியர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மனுஷரின் மனத்தைப் பற்றிய ஒரு தவறான போதனையை அவர் உண்மையாகவே நம்பினார். அதனால்தான் அவர்மேல் கோபப்படுவதைவிட அந்தப் போதனையை எடுத்துப் பேசுவது அவசியம் என்று கருதுகிறேன்.

வலிப்பு என்றவுடன் நம்மவர் நீட்டும் வசனம் மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: "அவன் சந்திரரோகியாய்க் கொடிய வேதனைப்படுகிறான், அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்." விறகடுப்பும் வாய்க்காலும் வீட்டோடு ஒட்டிய நம் ஊர்களில் இந்த வசனத்தை விளக்கவே தேவையில்லை, வலிப்புள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் பயப்படுவது இந்த இரண்டுக்குத்தான். அந்தப் பையனிடமிருந்து ஆண்டவர் பிசாசைத் துரத்தினார் என்று சுவிசேஷம் சொல்வதை நான் மறுக்கவில்லை, மழுப்பவும் விரும்பவில்லை. ஆனால் அதே மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பட்டியலிடும்போது, பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று மூன்று கூட்டமாகப் பிரித்தே எழுதுகிறார். எல்லாச் சந்திரரோகியும் பிசாசு பிடித்தவரே என்றால் அப்படிப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பையன் ஏன் சுகமாகவில்லை என்று சீஷர்கள் தனியே வந்து கேட்டபோது, "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று ஆண்டவர் சொன்னது சீஷர்களைப் பார்த்து. நோயாளிப் பையனிடம் விசுவாசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாற்கு 9-ஆம் அதிகாரம் சொல்லும்படி, பாதி நம்பிக்கையோடு அழுத தகப்பனையும் தள்ளிவிடவில்லை. ஜெபம் பலிக்காதபோது நோயாளியின் விசுவாசத்தை அளக்கும் நம் வழக்கத்துக்கு அந்தச் சம்பவத்தில் ஆதாரம் இல்லை. அங்கே அளக்கப்பட்டது ஊழியக்காரரின் விசுவாசம்.

எலியாவின் கதையை நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பீர்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சாவை வேண்டிய தீர்க்கதரிசியை, தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லவுமில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்து, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்றான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேபின் மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மனச்சோர்வில் கிடக்கிறவரின் உறக்கத்தையும் உணவையும் முதலில் விசாரிக்கும் மருத்துவரை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தூதன் நினைவுக்கு வருகிறான்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஆத்துமாவுக்கு ஏன் கோடு போடவில்லை? சரீரம் ஒரு வீடு, ஆத்துமா அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆள், சாகும்போது வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் மனத்தில் இருக்கும் படம். இந்தப் படத்தில் மூளை வெறும் தட்டுமுட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. சாமான் கெட்டால் குடியிருப்பவருக்கு என்ன வந்தது என்று தோன்றும். ஆகவே மனம் தடுமாறினால் அது குடியிருப்பவரின் குற்றம் என்று முடிவு கட்டுகிறோம். ஆதியாகமம் 2:7 இந்தப் படத்தைத் தருவதில்லை. கர்த்தர் மண்ணினால் உருவாக்கி, ஜீவசுவாசத்தை ஊதினார், "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்றே இருக்கிறது. மனுஷன் ஓர் ஆத்துமாவைப் பெற்றுக்கொண்டான் என்று இல்லை; ஆத்துமாவாக ஆனான் என்று இருக்கிறது. ஆத்துமா என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல்லான நெஃபெஷ் அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் மீனுக்கும் மிருகத்துக்கும் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு ஜீவஜந்து என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. நாம் அறிக்கையிடும் அப்போஸ்தல விசுவாசப் பிரமாணமும் ஆத்துமாவின் அழியாமையைச் சொல்லி முடிவதில்லை. சரீரம் உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் சொல்லி முடிகிறது. சரீரத்தை இவ்வளவு உயர்வாக வைத்த விசுவாசம் மூளையைக் கண்டு பயப்படக் காரணம் இல்லை.

என் சொந்தச் சபையாருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. 1529-ல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், சிருஷ்டிப்பைப் பற்றிய முதலாம் பிரிவின் விளக்கம், தேவன் எனக்குச் சரீரத்தையும் ஆத்துமாவையும், கண்களையும் காதுகளையும், எல்லா அவயவங்களையும், புத்தியையும், எல்லாப் புலன்களையும் தந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் இதை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார்? கண்ணில் புரை விழுந்தால் அறுவை செய்துகொள்கிறோம். கண்ணோடு சேர்த்து அதே வரியில் வரும் புத்திக்கு நோய் வந்தால் மட்டும் உபவாசக் கூட்டத்துக்கு அனுப்புகிறோம்.

மூளை ஆராய்ச்சி தொடக்கம் முதலே விசுவாசத்துக்கு எதிரியாகப் பிறந்தது என்பது உண்மையல்ல. டேனிஷ்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706-ல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் அங்கே வந்திறங்கினார். இவை நம் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1638-ல், அதே டேனிஷ் நாட்டின் கோபன்ஹேகனில் பிறந்தவர் நீல்ஸ் ஸ்டென்சன். அவர் 1665-ல் பாரிஸில் மூளையின் உடற்கூறு பற்றி ஆற்றிய உரையை, மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டே தொடங்கினார். ஆத்துமாவின் இருக்கை இன்ன சுரப்பிதான் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் எழுதிவைத்ததை, கத்தியால் பிரித்துப் பார்த்ததற்கு ஒத்துவரவில்லை என்று மறுத்தார். பின்னாளில் அவர் கத்தோலிக்க ஆயரானார். 1988-ல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பாரிஸ் உரைக்கு ஓர் ஆண்டு முன்பு, 1664-ல், மூளையின் உடற்கூறு பற்றிய பெருநூலை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ், அதைக் கேன்டர்பரி பேராயருக்குக் காணிக்கையாக்கினார். ஆங்கிலத் திருச்சபையின் ஆராதனை தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தம் வீட்டிலேயே அதை நடத்தவிட்டவர் இந்த வில்லிஸ். தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கவனிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரையவைத்து, நோய் விவரத்தோடு எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஜெபமும் உடற்கூறும் ஒரே கூரையின்கீழ் இருந்த மரபு நம் மண்ணுக்குப் புதிதல்ல.

நம் மாநிலத்திலேயே இதற்கு இன்னும் நெருங்கிய முன்னுதாரணம் வேலூரில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் நாட்டிலேயே முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி, ஆழ்ந்த விசுவாசி. அவர் பயிற்சி பெற்றது கனடாவின் மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டிடம். வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மெல்லிய மின்முனையால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எந்த இடம் எதை ஆள்கிறது என்று வரைபடம் தயாரித்தவர் பென்ஃபீல்ட். ஓர் இடத்தைத் தொட்டால் நோயாளியின் கை தானே உயர்ந்தது. என்ன நடந்தது என்று கேட்டால், நான் உயர்த்தவில்லை, நீங்கள்தான் உயர்த்தினீர்கள் என்றார் நோயாளி. வேறோர் இடத்தைத் தொட்டால் என்றோ கேட்ட பாட்டு மறுபடி கேட்டது. பிரெஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்த பென்ஃபீல்ட், இப்படி வாழ்நாளெல்லாம் தொட்டுப் பார்த்தபின், 1975-ல், தாம் சாவதற்கு முந்தைய ஆண்டு, மூளையின் இயக்கத்தைக்கொண்டு மட்டும் மனத்தை விளக்கிவிட முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை என எழுதினார்.

இதை நான் ஆத்துமாவுக்கான நிரூபணமாக நீட்டவில்லை. நீங்களும் பிரசங்கத்தில் அப்படி நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; இன்று நிரூபணம் என்று நாம் பிடித்துக்கொள்வதை நாளைய ஆய்வு ஒன்று தட்டிவிடலாம். இந்தப் பொருளில் விசுவாசிகளே ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். நரம்பணுக்களின் இயக்கத்துக்காக 1963-ல் நோபல் பரிசு பெற்ற ஜான் எக்கிள்ஸ், கத்தோலிக்க வளர்ப்பில் வந்தவர், மனம் வேறு மூளை வேறு என்று கடைசிவரை வாதிட்டார். அமெரிக்க இறையியலாளர் நான்சி மர்ஃபி, மனுஷருக்குச் சரீரத்தைத் தவிரத் தனியாக ஆத்துமா என்றொரு பொருள் இல்லை, ஆயினும் அவர் வெறும் பொருளும் அல்லர், தேவனோடு உறவாடும் சரீரம் என்கிறார். இருவருக்கும் நடுவில், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, தாமஸ் அக்குவினாஸ், ஆத்துமா என்பது சரீரத்துக்கு உருவும் உயிரும் கொடுப்பது என்று கூறி, கொரிந்தியர் நிருபத்தின் உயிர்த்தெழுதல் அதிகாரத்துக்கு எழுதிய விளக்கத்தில், என் ஆத்துமா மட்டும் நான் ஆகாது என்றும் எழுதினார். நான் அக்குவினாஸின் பக்கம் சாய்கிறவள், லுத்தரன் ஆனாலும். ஆனால் மூவரில் யார் சொல்வது சரியானாலும் என் தம்பியின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவர்களில் ஒருவருடைய போதனையிலும் வழியில்லை.

மறுபக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஆலயத்துக்கு வராமல் நிற்கிறார்கள். சுமார் 8,600 கோடி நரம்பணுக்களின் மின்னோட்டம்தான் மனம், அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஜெபம் மூளையின் மயக்கம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2006-ல் மான்ட்ரியலில் 15 கார்மேல் சபைக் கன்னியரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, தேவனோடு தாங்கள் ஒன்றியிருந்த அனுபவத்தை நினைவுகூரச் செய்தபோது, மூளையின் ஒரு மூலையில் அல்ல, பல பகுதிகளில் இயக்கம் தெரிந்தது. தேவனுக்கென்று தனி இடம் மூளையில் இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. தேவன் இல்லை என்பது தெரியவில்லை. தரங்கம்பாடிக் கரையில் நின்று அலையைக் கேட்கும்போது மூளையின் செவிப்புலப் பகுதி இயங்கத்தான் செய்கிறது. அதனால் கடல் மூளைக்குள் இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. சுயாதீனச் சித்தம் பொய் என்பதற்குப் பெஞ்சமின் லிபெட்டின் 1983-ஆம் ஆண்டுப் பரிசோதனையைக் காட்டுவார்கள்: விரலை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாக ஆள் சொல்லும் நேரத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி முன்பே மூளையில் ஆயத்தத் துடிப்பு எழுகிறது என்பது அதன் முடிவு. அந்தத் துடிப்பைத் தீர்மானம் என்று கொள்ள வேண்டியதில்லை என்று 2012-ல் வேறு ஆய்வாளர்கள் விளக்கம் தந்துவிட்டார்கள். அது எப்படியாயினும், நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுலடியார் எழுதியதை வாசித்து வளர்ந்த நமக்கு, சித்தம் கட்டுண்டது என்ற செய்தி அதிர்ச்சி தரக் கூடாது. பிள்ளைகள் கேட்கும்போது, இதெல்லாம் நாத்திகப் பேச்சு என்று வாயை அடைக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். நான் ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டு இத்தனை காலம் கழித்து எழுதுகிறேன்.

இப்போது என் தாயாரைப் பற்றி. அவருக்கு 91 வயது. எட்டு ஆண்டுகளாக மறதி நோய். முதலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார், பிறகு தெருவை மறந்தார், பிறகு எங்களை. என்னைச் சில நாள் தன் அக்காள் என்றும், சில நாள் பள்ளிக்கூடத்து அம்மாள் என்றும் அழைக்கிறார். ஒரு நாள் திருவிருந்துக்கு அழைத்துப்போனபோது, அப்போதிருந்த குருவானவர் தயங்கி நின்றார். எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்று வேதம் சொல்கிறதே, இவருக்குச் சோதித்தறிய முடியாதே என்று மிகுந்த வருத்தத்தோடுதான் சொன்னார், அவர் நல்லவர். அம்மாவைக் கைப்பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தேன். தனக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதுகூடத் தெரியாமல் அவர் உடன் நடந்து வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஞானோபதேசத்தை எடுத்தேன். மூன்றாம் பிரிவின் விளக்கம் எப்படித் தொடங்குகிறது? என் சொந்தப் புத்தியினாலாவது பெலத்தினாலாவது இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவும் அவரிடத்தில் வரவும் என்னால் கூடாது என்று நான் விசுவாசிக்கிறேன், பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்று. அப்படியானால் புத்தி இருந்த காலத்திலும் அம்மா தன் புத்தியால் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மூளை இன்னும் முழுதாக முதிராத நாற்பது நாள் குழந்தைக்கு நாம் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். அதற்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு, தேவன் அதை அறிந்திருக்கிறார், அது போதும் என்று பதில் சொல்கிறோம். தொட்டிலில் இருப்பவருக்குச் சொன்ன பதிலைக் கட்டிலில் இருப்பவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். பவுலடியார் கடிந்துகொண்டதும் ஏழைகள் பசித்திருக்கத் தாங்கள் மட்டும் முந்திப் புசித்த கொரிந்தியரை. தன் பெயரை மறந்த கிழவியை அல்ல.

அடுத்து வந்த குருவானவர் வீட்டுக்கே வந்தார். அம்மா நாற்காலியில் வெறித்த பார்வையோடு இருந்தார். அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை; கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். "பரமண்டலங்களிலிருக்கிற" என்றதும் அம்மாவின் உதடுகள் அசைந்தன. "அன்றன்றுள்ள அப்பத்தை" என்ற இடத்தில் குரலும் வந்துவிட்டது. அப்பத்தை உதட்டருகில் கொண்டுபோனபோது, நாங்கள் சோறு ஊட்டும்போது இறுக மூடிக்கொள்ளும் அந்த வாய் தானாகத் திறந்தது. வலக்கை முக்காட்டைத் தேடித் தலைக்குப் போனது.

இதை அற்புதம் என்று நான் சாட்சி சொல்லப்போவதில்லை; விலங்கியல் ஆசிரியைக்கு இதன் வழி தெரியும். மறதி நோய் பெரும்பாலும் முதலில் அரிப்பது மூளையில் காதுக்குப் பக்கமாக உள்ள பொட்டு மடலுக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. நேற்று நடந்ததைப் பதிந்துவைப்பது அதுதான். 1953-ல் வலிப்புக்கான அறுவையில் இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸையும் பெரும்பாலும் இழந்த ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிதாகச் சந்தித்த ஒருவரையும் நினைவில் வைக்க முடியாமல் 2008 வரை வாழ்ந்தார். அவருக்குக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையக் கொடுத்தார் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர். நாளுக்கு நாள் அவர் கை தேறியது, ஆனால் முன்பு வரைந்த நினைவு ஒவ்வொரு நாளும் இல்லை. கை அறிந்துகொள்வதும் வாய் பழகுவதும் மூளையில் வேறு இடங்களில், வேறு தடங்களில் பதிகின்றன. அவை பிந்தித்தான் அழிகின்றன. எழுபது ஆண்டுகள் அம்மா முழங்காலில் நின்று சொன்ன ஜெபம் அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வழி தெரிந்ததால் என் கண்ணீர் குறையவில்லை. ஒருநாள் அந்தத் தடமும் தூர்ந்துபோகும். அதையும் நான் அறிவேன். அன்றைக்கு எனக்கு ஏசாயா 49-ஆம் அதிகாரம் மட்டும் இருக்கும்: அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன் என்று. அம்மா யார் என்பது அம்மாவின் ஞாபகத்தில் இல்லை; அவரை ஞாபகம் வைத்திருக்கிறவரிடத்தில் இருக்கிறது. விசுவாசம் இல்லாத நரம்பியல் மருத்துவர் இதை ஏற்கமாட்டார், பரவாயில்லை. நாம் இதை ஏற்காமல் இருக்க முடியாது.

நம்முடைய ஊர்கள் கடைமடை. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்த பிறகும் எத்தனையோ நாள் நம் வயல் காய்ந்து கிடக்கும். அந்த உழவரின் விசுவாசம் போதவில்லை என்று எந்தக் குருவானவரும் சொன்னதில்லை. வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, தூர்வாருங்கள் என்கிறோம். மழைக்காக ஆலயத்தில் ஜெபமும் பண்ணுகிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மனச்சிதைவும் மனச்சோர்வும் வலிப்பும் உள்ளவர்களிடமும் இதே நியாயத்தோடு பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி மருத்துவரைத் தவிர ஒருவரும் பேசக்கூடாது என்று பிரசங்க பீடத்திலிருந்து, ஜெப வேளையில் அல்ல, அறிவிப்புகள் வாசிக்கும்போது, நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனாஸ், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். தர்கா இருக்கும் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்ததை வேறு மதத்தாரின் ஊர்க் கதையாக நினைக்காதீர்கள். ஜெபத்துக்கென்று கூட்டிவரப்பட்டு அறையில் பூட்டப்பட்ட ஒரு பெண்ணை நம் வட்டாரத்திலேயே நான் கண்டிருக்கிறேன். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கத்தோலிக்கக் குருக்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர், விவேகி அவற்றை வெறுப்பதில்லை என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் உங்கள் வேதாகமத்திலேயே இருக்கிறது.

தற்கொலை செய்துகொண்டவர்களின் அடக்க ஆராதனையைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மணி அடிக்காமல், அவசர அவசரமாக முடிக்கப்பட்ட அடக்கங்களை என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கடுமையான மனக் கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலே கூறுகிறது. மணி அடியுங்கள்.

இறையியல் கல்லூரிகளை நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எபிரெயுவும் கிரேக்கும் கற்கும் மாணவர் ஒரு மாதமாவது மனநலப் பிரிவில் நோயாளிகளின் உறவினரோடு உட்கார்ந்திருக்கட்டும். வேலூரில் 1957-ல் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல மையம், குடும்பத்தாரும் நோயாளியுடன் வந்து தங்கும் முறைக்குப் பெயர்பெற்றது. நோயாளியைத் தனியே விடக்கூடாது என்பது நம் ஜனங்களுக்குச் சொல்லாமலே தெரியும். குருமார் அதை அங்கே பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

எங்கள் சபைக்குப் புதிதாக வரவிருக்கும் குருவானவருக்குத் தனியே சில வார்த்தைகள். ஐயா, மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுத் திருவிருந்துக்கு நீங்கள் வருவீர்கள் என்று காத்திருப்போம். அம்மா திண்ணையை ஒட்டிய நாற்காலியில் இருப்பார். என்னைத் தெரிகிறதா பாட்டி என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி அவரைக் கலங்கவைக்கிறது. ஜெபத்தைச் சற்று மெதுவாகத் தொடங்குங்கள். பழைய மொழிபெயர்ப்பிலேயே சொல்லுங்கள். அவருக்கு வருவது அதுதான். அப்பத்தைச் சிறு துண்டாக்கி, திராட்சரசத்தில் தோய்த்து, வலப்பக்கத்திலிருந்து கொடுங்கள். வாய் திறக்கச் சில வேளை ஒரு நிமிஷம் ஆகும். என் தம்பியும் அங்கே இருப்பான். அவனுடைய மாத்திரைப் பட்டை இப்போது மேஜைமேல், வேதாகமத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி